முதுகுக் கட்டு

ஜூன் 3

சகலை,

இந்தக் கடிதம் உன் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கு வருகிறது. கூடவே வரும் டப்பாவைப் பார்த்து உங்கள் ஸ்டோர் கீப்பர் ஏதாவது கேட்டால், கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள். எங்கள் லேபில் பல் செட் அனுப்புகிற டப்பாவைத் தவிர வேறு டப்பா கிடையாது. கார்டுகளை அதில்தான் வைத்திருக்கிறேன்.

போன் மட்டும் செய்யாதே. போன வாரம் நீ கூப்பிட்டபோது போன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. திரையில் உன் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வியை நீ நேரில் கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் எனக்குத் தண்ணீரும் இறங்கவில்லை.

மாமா போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. தலையில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷருக்கு உடனே ஆபரேஷன் என்றார்கள். உன் வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டாள். அக்காவை, அதாவது என் வீட்டுக்காரியை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா எழுந்திருக்கவும் இல்லை. "என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்று பெரியவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எந்தப் பக்கம் நியாயம் என்று நீயும் நானும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டும் நமக்குப் புத்தி இருக்கிறது.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். மாமனார் வீட்டில் பொழுது போகாத இரண்டு மாப்பிள்ளைகள் ஆரம்பித்த இந்த மாயக்கோட்டை கார்டு ஆட்டம்தான் இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம். இதுவும் நின்றுபோனால், இனி ஏதாவது கல்யாணத்தில் நீ ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அக்டோபரில் உன் ஊரில் ஜோடிப் போட்டி. இந்த வருஷம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஜோடியின் இரண்டு கார்டுக் கட்டும் ஒரே கருப்பொருளில் இருக்க வேண்டும். ஒரு கார்டு ஒட்டவில்லை என்றாலும் வெளியே அனுப்பிவிடுவார்களாம். நான் டிராகன் என்று முடிவு செய்துவிட்டேன். உனக்கு வேறு யோசனை இருந்தால் எழுது. இருக்காது என்று தெரியும்.

உன் பல்லுக்கார சகலை


ஜூன் 12

அண்ணா,

டப்பா வந்து சேர்ந்தது. ஸ்டோர் கீப்பர், "யாருக்குப் பல்?" என்று கேட்கவில்லை. "யாரோட பல்லு?" என்று கேட்டார். அடுத்த டப்பாவில் லேபிளையாவது கிழித்துவிடுங்கள்.

டிராகன் வேண்டாம் அண்ணா. போன வருஷம் எத்தனை மேசையில் டிராகன் பறந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இல்லையா? எனக்கு வேறு யோசனை இருக்கிறது. அது என்னுடையது இல்லை என்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லை என்று கட்டிலில் கார்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். எக்ஸ்ரே டியூட்டி சீக்கிரம் முடிந்து என் வீட்டுக்காரி வந்துவிட்டாள். "என்ன இது?" என்றாள். கூட வேலை செய்கிறவர் ஒருத்தருடையது, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவைத்தேன். என் முகத்தில் பொய் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'எல்லைக் காவலன்' கார்டைக் கையில் எடுத்தாள்.

"இந்த ஆள் ஏன் திரும்பி நிக்கிறான்?"

"எல்லையைப் பார்த்து நிக்கிறான். காவல்காரன்."

"பயந்துபோய் நிக்கிறான். தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிக் கிடக்கு பாருங்க."

அண்ணா, அவளுடைய வேலையே அதுதான். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களைப் பலகையைக் கட்டிப்பிடிக்கவைத்துப் பின்னாலிருந்துதான் எடுப்பார்கள். நாள் முழுக்க அவள் முதுகுகளிடம்தான் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகத்தைப் பார்ப்பது காகிதத்தில் கையெழுத்து வாங்கும்போது மட்டும். அன்றைக்குக் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி நிற்கிறவர்களை எல்லாம் தனியாக அடுக்கினாள். எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கட்டுக்கே காணும்! இத்தனை வருஷம் ஆடுகிறோம், நம் கண்ணில் ஒருத்தன் முதுகாவது பட்டதா?

அதோடு, சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பெண் வெவ்வேறு கார்டுகளின் ஓரத்தில் நடந்து போய்க்கொண்டே இருக்கிறாள். 'பழைய பாலம்' கார்டில் இருக்கிறாள், 'சந்தை நாள்' கார்டில் இருக்கிறாள், 'எரியும் களஞ்சியம்' கார்டில்கூட அவள் பாட்டுக்குப் போகிறாள். "எங்கே போறா இவ?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

முதுகு. அதுதான் கருப்பொருள். என்ன சொல்கிறீர்கள்? உங்கள் டப்பாவிலேயே என் சிவப்புப் போர்வைக் கார்டுகளை வைத்து அனுப்பியிருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

லிஃப்ட்


ஜூன் 21

சகலை,

முதுகா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். இப்படி ஒரு கிறுக்குத்தனத்துக்கு நான் உடன்படுவேன் என்று எப்படி நினைத்தாய் என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று என் கார்டுப் பெட்டியைத் திறந்தேன். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டாயிற்று.

செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். என் சட்டம் இதுதான். படத்தில் முக்கியமான ஆள் முதுகைக் காட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் செல்லாது. நாற்காலியின் முதுகு செல்லாது. ஆமை செல்லுமா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஓடு முதுகுதானே என்று நீ வாதாடுவாய். ஆனால் நம் 'குகை ஆமை' தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. மூஞ்சி தெரிந்த பிறகு ஓட்டைக் காட்டி என்ன பிரயோஜனம்? தள்ளிவிட்டேன். கண்ணாடி முன் நிற்கும் 'மகாராணி' என்ன சேதி? முதுகு நம் பக்கம், முகம் கண்ணாடிக்குள். நீயே சொல்.

இப்போது ஒரு சங்கதி. நானும் மாட்டிக்கொண்டேன். லேபுக்கு வந்த டாக்டர் மறந்து விட்டுப் போனது என்று சொல்லி இங்கே தப்பித்தேன். என் வீட்டுக்காரி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உன் சிவப்புப் போர்வைக்காரியைப் பார்த்தாள்.

"இது பொம்பளை இல்லை."

"எப்படிச் சொல்றே?"

"தோள் வெட்டைப் பாருங்க. போர்வையைத் தாண்டி எலும்பு எங்கே நிக்குதுன்னு தெரியலையா? இவனுக்குச் சட்டை தைக்கச் சொன்னா பெரிய அளவுத் தோள் வைக்கணும்."

காவல்காரர்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் வருஷக்கணக்காகச் சீருடை தைக்கிறவள் சொன்னால் நான் என்ன மறுத்துப் பேச முடியும்? உன் பெண் ஆணாகிவிட்டாள். வருத்தம்தான்.

டப்பாவில் என் பங்கு முதுகுகள் இருக்கின்றன. லேபிளைக் கிழித்துவிட்டேன்.

பல்லுக்காரன்


ஜூலை 2

அண்ணா,

முதலில் ஒரு நல்ல செய்தி. சிவப்புப் போர்வை ஆண்தான்! கூட வேலை செய்கிறவரின் பழைய கார்டுகளில் 'ஆட்டு இடையன்' என்று ஒன்று கிடைத்தது. (நான் வீட்டில் சொன்ன பொய்க்காக இப்போது நிஜமாகவே ஒருத்தர் கார்டு கொண்டுவந்து தருகிறார்.) அதே சிவப்புப் போர்வை, நேராக நம்மைப் பார்த்து நிற்கிறான். மீசை என்றால் மீசை, காது வரைக்கும் போகிறது. தொலைந்துபோன ஆட்டைத்தான் எல்லாக் கார்டிலும் தேடிக்கொண்டிருக்கிறானாம், அடியில் எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று அண்ணா. சிரித்து முடித்துவிட்டு, "ஆம்பளைன்னு முதல்ல யாரு சொன்னது?" என்றாள். அந்தக் கூட வேலை செய்கிறவர்தான் என்றேன். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குத் தோள் வெட்டு தெரியுமா?" என்றாள். எனக்கு இருமல் வந்துவிட்டது.

இனி கெட்ட செய்தி. இங்கே மதிய இடைவேளையில் அவரோடு நம் முதுகுக் கட்டை வைத்து ஆடிப் பார்த்தேன். தோற்றேன். திரும்ப ஆடினேன். அதைவிடக் கேவலமாகத் தோற்றேன். முதுகைக் காட்டுகிறவர்களுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. எவனுக்கும் தாக்கும் பலம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், 'எரிமலை அரசன்' டிராகன் ஒன்றே ஒன்றைச் சேர்த்தால் என்ன? பறக்கும்போது இறக்கை முதுகை மறைக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாமே. மகாராணி செல்லும் என்றால் அரசனும் செல்ல வேண்டும்தானே?

லிஃப்ட்


ஜூலை 8

சகலை,

செல்லாது. எரிமலை அரசன் நெருப்புக் கக்குவது நம் மூஞ்சியில். இன்னொரு தடவை அவன் பேச்சை எடுத்தாய் என்றால் நான் இந்தப் போட்டிக்கே வரவில்லை, நீ உன் கூட வேலை செய்கிறவரைக் கூட்டிக்கொண்டு போ. ஜெயிப்பதற்காகக் கருப்பொருளை விற்கிறவன் என் சகலையாக இருக்க முடியாது.

கோபம் போகட்டும். ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதுகுகளை எல்லாம் வரிசையாக வைத்து, படத்தை மறந்துவிட்டு, அடியில் உள்ள எழுத்தை மட்டும் படித்துப் பார். பாதிக்குமேல் ஒரே விதி. "இவர் களத்தை விட்டு வெளியேறும்போது உயிர்ப் புள்ளி கூடும்." முதலில் தற்செயல் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. படம் வரைந்தவர் என்ன செய்வார்? கிளம்பிப் போகிற ஆளை முதுகுப் பக்கமாகத்தானே வரைவார்! இவர்கள் சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. போகப் பிறந்தவர்கள். களத்தில் நிறுத்திவைத்துச் சண்டை போடச் சொன்னது நம் முட்டாள்தனம். ஒவ்வொருவராக வழியனுப்பிவைத்தால் நம் உயிர் ஏறிக்கொண்டே போகும், எதிராளி அடித்து அடித்துக் கை ஓய்வான்.

ஜோடி மேசையில் இது இன்னும் ருசி. அங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர்க் கணக்கு, தெரியுமல்லவா. உன் முறையில் என் ஆளையும் நீ வெளியே அனுப்பலாம். கூட்டாளியின் ஆளை அனுப்பினால் இரண்டு மடங்கு உயிர். ஆனால் அனுப்பட்டுமா என்று கேட்க முடியாது. ஆட்டம் முடியும்வரை கூட்டாளிகள் பேசினால் தோல்வி. கண்ணைக் காட்டினாலும் தோல்வி.

எழுதி வை. இது ஜெயிக்கிற கட்டு.

பல்லுக்காரன்


ஜூலை 19

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்ன, முதல் நாளே தெரியுமாம். நேற்று உங்கள் 'தூரத்து வணிகன்' கார்டின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அத்தான் இன்னும் கையைத் துடைக்காமதான் எல்லாத்தையும் தொடுறாரா?" என்று கேட்டாள். பல் செட்டுக்கு ஈறு வைக்கும் ரோஸ் மெழுகு அண்ணா. ஒவ்வொரு கார்டிலும் ஒரு விரல் ரேகை இருக்கிறது. மாமா வீட்டு டிவி ரிமோட்டில் இருந்த அதே மெழுகு. நீங்கள் லேபிளைக் கிழித்து என்ன பிரயோஜனம்?

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "தோள் வெட்டுன்னு சொன்னது அக்காதானே?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கார்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம், இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் சொல்லாததைச் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் கையில் எடுத்தாளாம். அக்கா பெயர் வரைக்கும் போனாளாம். அந்த ஸ்கேன் படத்தை அவளே பார்த்திருக்கிறாள், என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவள், ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று புரிந்துவிட்டதாம். அக்காவைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள், சொன்ன பிறகு மீற முடியாது. அதனால் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன் என்றாள். "கேக்காதது மறதியில்லைங்க. தெரிஞ்சேதான் கேக்கலை" என்றாள்.

இதை நான் உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. என் கட்டை அவள் எடுத்துக்கொண்டாள். வழியனுப்பும் ஆட்டத்தை ஆடிப் பார்த்தாள், என்னைத் தோற்கடித்துவிட்டாள். அண்ணி சீருடைத் துணியில் கார்டுக்கு உறை தைத்துத் தருவாரா என்று கேட்கச் சொன்னாள். கேட்டது யார் என்று சொல்ல வேண்டாமாம்.

லிஃப்ட்


ஜூலை 30

சகலை,

உறை டப்பாவில் இருக்கிறது. நீலத்துணி, இரட்டைத் தையல். கேட்டது யார் என்று நான் சொல்லவில்லை. "அவளுக்கு நீலம்தான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இவளாகவே வெட்டினாள்.

உன் வீட்டுக்காரியைவிட என் வீட்டுக்காரி இளைத்தவள் இல்லை. உன் கார்டுகளில் கிரீஸ் வாசனை வருகிறதாம். எந்த டாக்டர் கிரீஸைத் தொடுகிறார் என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் ரகசியம் காத்த லட்சணம் இது.

நீ எழுதியதைப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். துணிச்சல் வரவில்லை. கடிதத்தை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் மடிப்பு மாறியிருந்தது. அன்று முழுக்க மிஷின் சத்தம் இல்லை.

நேற்று இவள் என் எதிரே உட்கார்ந்து கார்டுக் கட்டை எடுத்து, "ஜோடி ஆட்டம்னா எப்படி?" என்றாள். சொன்னேன். பேசக் கூடாது என்கிற இடம் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூடக் கூடாது."

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்."

"அப்படின்னா வரேன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் நாற்காலியில் அவள். உன் நாற்காலியில் யார் என்று உனக்கே புரியும். இந்த யோசனையை அங்கே எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல். இதில் சொதப்பினால் இனிமேல் சரிசெய்ய முடியாது. அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

பல்லுக்காரன்


ஆகஸ்ட் 9

அண்ணா,

சொன்னேன். "அக்கா ஒத்துக்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து சில நிபந்தனைகள் சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து அக்காவோடு ஒரே வண்டியில் வரமாட்டாளாம். முடிந்ததும் அவரவர் வழியாம். மகாராணி கார்டு நம் கட்டுக்குள் இருக்க வேண்டுமாம், கண்ணாடி வேறு முதுகு வேறாம்.

சரி என்றுவிட்டேன். நாம் இரண்டு பேரும் சுவர் ஓரமாக நின்று பார்க்கலாம்.

லிஃப்ட்


அக்டோபர் 12

சகலை,

நான் வர முடியாது. சிரிக்காதே. நேற்று லேபில் பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டையைக் குனிந்து தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது. படுக்கையில் பலகை மாதிரி கிடக்கிறேன். இவளும் போகவில்லை என்பாளோ என்று பயந்தேன். "நீங்க வந்தாலும் பேசக் கூடாதுதானே, வராட்டி என்ன?" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். கையில் கார்டுக் கட்டு, முகத்தில் ஒன்றுமில்லை.

நீ பக்கத்தில் இரு. நடந்ததை நடந்தபடி எழுது. உன் வழக்கப்படி பாதியை முழுங்காதே.

பல்லுக்காரன்


அக்டோபர் 20

அண்ணா,

அண்ணி போனில் "நான் கொஞ்ச நாள் கழிச்சு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நீங்கள் படுக்கையில் கிடந்து என்னென்ன நினைத்தீர்களோ. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணி வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்தாள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. போட்டி நடத்துகிற அம்மா கட்டுகளைப் புரட்டிவிட்டு, மகாராணியைக் கையில் பிடித்து, "இதுல முகம் தெரியுதே?" என்றார். அண்ணியும் இவளும் ஒரே நேரத்தில் "முதுகுதான் நம்ம பக்கம்" என்றார்கள். இரண்டு பேருக்கும் சங்கடமாகிவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதன் பிறகு மணி அடித்தது, பேச்சு நின்றது.

அண்ணா, நான் உங்களோடு எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன். இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை. மற்ற மேசைகளில் எல்லாம் கூட்டாளியிடம் பேச முடியாமல் தவிக்கிறார்கள், ஒருத்தர் உதட்டைக் கடிக்கிறார், ஒருத்தர் மேசையைத் தட்டி எச்சரிக்கை வாங்குகிறார். இவர்கள் இரண்டு வருஷப் பயிற்சியோடு வந்தவர்கள் இல்லையா! அண்ணி ஒரு கார்டை இறக்கினால் இவள் அதற்குத் தோதாக அடுத்ததை இறக்குகிறாள். டிராகன் ஜோடி ஒன்று அடித்து ஓய்ந்து எழுந்து போனது. அடுத்த ஜோடியும் போனது. கூட்டம் கூடிவிட்டது. நான் ஸ்டூலில் ஏறி நின்றேன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம். நம் உயிர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அடுத்த அடியில் முடிந்துவிடும். இவளுடைய முறை. இவள் களம் காலி. அண்ணியின் களத்தில் 'வயதான யாத்திரிகன்' நிற்கிறான், கம்பு ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு. அவனை இவள் அனுப்பிவிட்டால் இரட்டை உயிர், அடியைத் தாங்கி ஜெயித்துவிடலாம். எனக்குத் தெரிகிறது, கூட்டத்துக்கே தெரிகிறது. இவள் கை அந்தக் கார்டுமேல் போனது. நின்றது. அண்ணி மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நேரம் ஓடுகிறது. இவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முறையை விட்டுவிட்டாள்.

தோற்றோம். மணி அடித்தது.

எதிர் ஜோடி கை கொடுக்க எழுந்தது. அண்ணி அவர்களைக் கவனிக்கவே இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இவளிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அறிவிருக்காடி உனக்கு? உனக்காகத்தானே அவனை அங்கே நிறுத்தி வெச்சிருந்தேன். அனுப்ப வேண்டியதுதானே?"

"உன்னைக் கேக்காம எப்படிக்கா அனுப்புவேன்?"

இவள் அதை ஆட்டத்துக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. அண்ணி எதிரே நின்று அவளையே பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்தார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன், எதற்கு இறங்கினேன் என்று தெரியவில்லை.

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னு சொன்னது பொய்டி" என்றார் அண்ணி. "நீ கேட்டிருந்தா, எனக்கு ஒண்ணும் தெரியலை, நீயே பார்த்துக்கன்னுதான் சொல்லியிருப்பேன். கையெழுத்து எப்படியும் நீதான் போட்டிருப்பே. அதை ஒத்துக்க எனக்கு வாய் வரலை."

அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகையில் பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நடத்துகிற அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நானும் அழுதேன் அண்ணா, மறைக்க என்ன இருக்கிறது.

அவரவர் வழி என்ற நிபந்தனை காற்றில் போயிற்று. ஒரே பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க அந்த யாத்திரிகனை எந்த முறையில் அனுப்பியிருக்க வேண்டும் என்று சண்டை. எனக்கு முன்சீட்டில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. இப்போதும் உள்ளே மாமா பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணியை எப்போது ரயில் ஏற்றிவிடட்டும் என்று எழுதுங்கள். நீங்கள் படுத்த படுக்கையாக இருக்கிறீர்களே.

லிஃப்ட்


அக்டோபர் 25

சகலை,

கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். முதுகு வலித்தது, இருந்தாலும் உட்கார்ந்தேன்.

இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது. தையல் மிஷின்மேல் ஒரு செக்யூரிட்டி சட்டை ஒரு கையோடு தொங்குகிறது. சட்டைக்காரர் வந்து கேட்டார், இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

அவளை நீ ரயில் ஏற்றிவிடாதே. எப்போது கிளம்புகிறீர்கள் என்றும் கேட்காதே. இரண்டு வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறது. பேசட்டும்.